ஏசியில் உட்கார்ந்திருந்தவள் எழுதுகிறேன்

மலேரியா மருந்து எந்தப் புரதத்தைத் தாக்க வேண்டும் என்று தேடும் என் ஆய்வைக் கேலி செய்த அந்தக் குரல் பதிவு எனக்கே எட்டுப் பேர் வழியாக வந்துவிட்டது. யார், எந்தக் குழு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. “மூணு வருஷம் ஏசியில உட்கார்ந்து, கடைசியில ‘இந்தப் புரதம் இல்லை’ன்னு சொல்றதுக்கு நம்ம வரிப்பணமா?” நன்றாகவே கேட்டீர்கள் அண்ணே. சிரித்தவர்களையும் பார்த்துக்கொண்டேன்.

மருந்துக்கு இந்தப் புரதம் இலக்கு ‘இல்லை’ என்று உறுதியாகச் சொல்வதும் வேலைதான். மலேரியா ஒட்டுண்ணிக்கு ஐயாயிரத்துக்கு மேல் மரபணுக்கள். எதை அடக்கினால் அது சாகும் என்று தெரியாமல் மருந்து செய்வது, புளோக் எண் கேட்காமல் ஈசூன் அடுக்குமாடிகளில் வீடு தேடுவது மாதிரி.

டிரைக்ளோசான் கதை தெரியுமா? பற்பசையில் இருந்த அதே சரக்கு. அது கொழுப்பமிலம் தயாரிக்கும் ஒரு நொதியைத் தடுத்து, ரத்தத்தில் உள்ள ஒட்டுண்ணியைக் கொல்கிறது என்று 2001-ல் எழுதினார்கள். பல ஆய்வகங்கள் அந்த நொதியின் பின்னால் போயின. 2008-ல் அந்த மரபணுவையே நீக்கிப் பார்த்தால், ரத்தத்தில் ஒட்டுண்ணி அதுபாட்டுக்கு வளர்கிறது! நொதி தேவைப்பட்டது, ரத்தத்துக்கு வருமுன் அது கல்லீரலில் வளரும் கட்டத்தில். அந்த ‘இல்லை’யை யாராவது 2002-லேயே சொல்லியிருந்தால்?

என் புரதமும் அப்படித்தான். அதைத் தரும் மரபணுவை அணைத்துவிட்டு, ஒட்டுண்ணி ரத்த அணுவில் வளர்ந்து பெருகும் 48 மணி நேரச் சுற்று ஒவ்வொன்றுக்கும் ஸ்லைடு பார்ப்பேன். தீபாவளியன்றும் போனேன். ஜியெம்சா சாயத்தில் இளம் ஒட்டுண்ணிகள் மோதிரம் மோதிரமாக, ஒன்றுகூடக் குறையவில்லை. அன்றிரவு அம்மா போனில், “மருந்து வந்துடுச்சாம்மா?” என்றார். என்ன சொல்வது?

“சிங்கப்பூரில்தான் மலேரியாவே இல்லையே” என்பீர்கள். 1982-லேயே ஒழித்துவிட்டோம், உண்மை. ஜொகூர் பால்மரத் தோட்டத்தில் மூன்று கம்பளிக்குள் நடுங்கிய என் தாத்தாவிடம் அதைச் சொல்லியிருக்கலாம். ஆர்டிமிசினின் என்ற முக்கிய மலேரியா மருந்து தடுமாற ஆரம்பித்த கம்போடியா இங்கிருந்து இரண்டு மணி நேர விமானப் பயணம். அவ்வளவுதான் பதில்.

“இலக்கு தெரியாமலே மருந்து கிடைத்ததே” என்று இன்னொருவர். சரி, ஒப்புக்கொள்கிறேன். நம் பயோபோலிஸ் ஆய்வு வளாகத்து ஆய்வாளர்களும் சேர்ந்து 2010-ல் வெளியிட்ட ஸ்பைரோஇண்டோலோன் என்ற மலேரியா மருந்து வகையில் மூலக்கூறுதான் முதலில் கிடைத்தது. ஆனால் எதிர்ப்பு பெற்ற ஒட்டுண்ணிகளை வளர்த்து, மரபணுவைப் படித்துத்தான் பிஎஃப்ஏடிபி4 என்ற புரதத்தைப் பிடித்தார்கள். அதுவும் இலக்கைச் சரிபார்ப்பதுதான். விடமாட்டேன்.

அப்புறம் அந்த ஏசி. ஒட்டுண்ணி வளர்க்கும் பெட்டி 37 டிகிரி அண்ணே. போன வருடம் மகளுக்கு ஆய்வகத்தில் பயிற்சி இடம் கேட்டு, என் வீட்டில் தோசை சாப்பிட்டுக்கொண்டே இரண்டு மணி நேரம் பேசினீர்களே, அன்றைக்கு அந்த ஏசி உறுத்தவில்லையா?

பதிவை நீக்கிவிட்டீர்களாம். என்னிடம் இருக்கிறது.