ரெண்டு அரியருக்காக மறுபடியும் மூன்று வருடமா?

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடைகளில் துணி எடுத்துப் போடும் பையன்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். "பி.காம் படிச்சேண்ணே, முடிக்கல" என்று ஒருவராவது சொல்வார். மூன்று வருடமும் கல்லூரிக்குப் போய் ஃபீஸ் கட்டி, ஸ்டாடிஸ்டிக்ஸும் காஸ்ட் அக்கவுண்டிங்கும் மட்டும் அரியராக நின்றுபோனவர். மறுபடி எழுதலாம் என்றால் தேர்வு வருகிற நேரம் பார்த்துத்தான் தீபாவளி வியாபாரமும் வரும், முதலாளி லீவு தரமாட்டார். பெண்களுக்குக் கடைசி வருடத்தில் கல்யாணம், அதோடு சரி. டிகிரி இல்லாமல் அரசு வேலைக்கான குரூப் 2 தேர்வு எழுத முடியாது, அதனால் பத்தாம் வகுப்பே போதும் என்கிற குரூப் 4-ஐயே திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

இவர்களிடம் "இப்பதான் ஆன்லைன்லயே படிக்கலாமே" என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். படிக்கலாம்தான். காமராசர் பல்கலைக்கழகத்தில் கரஸ்ஸில், அதாவது தபால்வழியில் படித்தே வேலைக்குப் போன ஒரு தலைமுறை இருக்கிற ஊர் இது, வீட்டிலிருந்து படிப்பது நமக்குப் புதிதா என்ன? சிக்கல் வேறு இடத்தில். புதிதாகச் சேர்ந்தால் பெரும்பாலும் முதல் வருடத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். முப்பது வயதைத் தாண்டியவரிடம், ஏற்கெனவே பாஸான முப்பது சொச்சம் பேப்பரையும் மறந்துவிட்டு மறுபடி எழுது என்றால் எழுதுவாரா?

2021-ல் பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசி, பாஸான பாடங்களுக்குரிய கிரெடிட் புள்ளிகளைச் சேர்த்து வைக்கக் கிரெடிட் வங்கி என்று ஒன்றைக் கொண்டுவந்தது. பாதியில் விட்டவர்கள் சேர்த்த கிரெடிட்டோடு திரும்பி வரலாம் என்று ஏகப்பட்ட விளம்பரம். ஆனால் 2021-22 கல்வியாண்டிலிருந்து படித்த பாடங்களுக்குத்தான் அது செல்லும், அதுவும் அதிகபட்சம் ஏழு வருடம். 2014-ல் படிப்பை விட்டவருக்கு அந்த வங்கியில் பாஸ்புக்கே கிடையாது!

மத்திய அரசின் ஆன்லைன் பாடத்தளமான ஸ்வயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். படிக்கக் காசு கட்ட வேண்டாம், தேர்வுக்கு மட்டும் கட்டணம். கடையடைத்து வீட்டுக்குப் போய் ராத்திரி பத்தரை மணிக்குக்கூட போனில் பாடம் பார்க்கலாம். ஒரு செமஸ்டர் பாடங்களில் 40 சதவீதம் வரை இதில் படித்துக் கிரெடிட் வாங்கலாம் என்று விதியே இருக்கிறது. அது இப்போது கல்லூரியில் இருக்கிறவர்களுக்கு. அந்த வசதியைப் பழைய அரியருக்கும் கொடுங்கள் என்கிறேன். நின்றுபோன பேப்பருக்கு நிகரான ஸ்வயம் பாடத்தில் பாஸானால் அரியர் கழிந்தது என்று வைத்தால் என்ன குறைந்துவிடும்? தேர்வை மையத்துக்கு நேரில் போய்த்தான் எழுத வேண்டும், ஆள்மாறாட்டம் என்று பயப்படவும் இடமில்லை.

இன்னொன்று, எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. பல்கலைக்கழகங்கள் அவ்வப்போது பழைய மாணவர்களுக்குச் சிறப்பு வாய்ப்பு என்று அரியர் தேர்வு அறிவிக்கும். அந்தச் செய்தி பேப்பரில் ஒரு மூலையில் வரும், யாருக்கு எழுதினார்களோ அவர் அப்போது புடவை மடித்துக்கொண்டிருப்பார். பழைய பதிவேடு கல்லூரியில்தானே இருக்கிறது? ஒரு ஆளைப் போட்டு, "தம்பி, உனக்கு ரெண்டு பேப்பர்தான் பாக்கி, சிலபஸ் மாறிப்போச்சு, அதுக்குப் பதிலா இதை எழுது" என்று போனில் சொல்லச் சொல்லுங்கள். கோடிக்கணக்கில் செலவழித்து ஆன்லைன் பாட வீடியோ எடுப்பதெல்லாம் அப்புறம் பார்க்கலாம்.