புதிய கார்களில் ஏ.எம். வானொலி: சட்டம் வேண்டும் என்பதே என் நிலைப்பாடு

அமெரிக்காவில் விற்கப்படும் ஒவ்வொரு புதிய காரிலும் ஏ.எம். வானொலி இருந்தே ஆக வேண்டும், அதற்கெனத் தனிக் கட்டணம் வாங்கக் கூடாது என்று கூறும் சட்ட முன்வடிவை 2023 மே மாதத்தில் செனட்டர்கள் எட் மார்க்கியும் டெட் குரூஸும் கொண்டுவந்தார்கள். ஒருவர் ஜனநாயகக் கட்சி, மற்றவர் குடியரசுக் கட்சி. பெரும்பாலான விஷயங்களில் எதிரெதிர்த் துருவங்களில் நிற்பவர்கள். அந்த முன்வடிவு 2025 ஜனவரியில் மீண்டும் தாக்கல் செய்யப்பட்டது. இது சட்டமாக வேண்டும் என்று நான் மனமார விரும்புகிறேன்.

மார்க்கி 2022 டிசம்பரில் 20 கார் நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதிக் கேட்டபோது, தங்கள் மின்சாரக் கார்களிலிருந்து ஏ.எம். வானொலியை எடுத்துவிட்டதாக 8 நிறுவனங்கள் பதிலளித்தன. அவற்றில் ஒன்றான ஃபோர்டு, 2024ஆம் ஆண்டு மாடல்களில் பெரும்பாலானவற்றிலிருந்தும் அதை நீக்கத் திட்டமிட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் 2023 மே மாதத்திலேயே முடிவை மாற்றிக்கொண்டது.

நிறுவனங்கள் சொல்லும் தொழில்நுட்பக் காரணம் பொய்யல்ல. மின்கலத்தின் நேர்மின்சாரத்தை மோட்டாருக்கேற்ற மாறுமின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர், நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை மின்னோட்டத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கிறது. அதிலிருந்து கிளம்பும் மின்காந்த இரைச்சல், ஏறத்தாழ 540 முதல் 1700 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள ஏ.எம். அலைவரிசை வரை பரவுகிறது. ஏ.எம். ஒலிபரப்பில் அலையின் வீச்சுதான் குரலைச் சுமக்கிறது என்பதால், அந்த வீச்சோடு சேரும் எந்த இரைச்சலும் அப்படியே காதில் விழும்; பண்பலையில் அலையின் அதிர்வெண் அந்த வேலையைச் செய்வதால் அது பெருமளவு தப்பித்துக்கொள்கிறது. நண்பர் ஒருவரின் மின்சாரக் காரில் இதை நானே கேட்டிருக்கிறேன். மிதியிலிருந்து காலை எடுத்தால் இரைச்சல் தணிந்து செய்தி வாசிப்பவரின் குரல் தெளிவாகும்; அழுத்தினால் வண்டு ரீங்கரிப்பது போன்ற ஒலி எழுந்து அந்தக் குரலை விழுங்கிவிடும். ஆனால் கம்பிவடங்களுக்குக் கவசம் போட்டும், வடிகட்டிகள் வைத்தும், ஆன்டெனாவை இடம் மாற்றியும் இதைக் கட்டுப்படுத்த முடியும். ஏ.எம். வானொலியுடனேயே மின்சாரக் கார்களை விற்கும் நிறுவனங்களும் இருக்கின்றன. ஆகவே இது முடியாத காரியம் அல்ல, செலவழிக்க மனமில்லாத காரியம்.

அந்தச் செலவு ஏன் தகும் என்பதற்கு 2024 செப்டம்பரில் வீசிய ஹெலீன் புயல் ஒன்றே எனக்குப் போதுமானது. வட கரோலினாவின் மேற்குப் பகுதியில், ஆஷ்வில் நகரிலும் அதைச் சுற்றியுள்ள மலைப்பகுதிகளிலும் மின்சாரம் போனது, குடிநீர் போனது, செல்பேசிக் கோபுரங்கள் செயலிழந்தன. அப்போது 570 கிலோஹெர்ட்ஸில் ஒலிக்கும் உள்ளூர் ஏ.எம். நிலையம் தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தது. மின்சாரமில்லாத வீட்டில் வாசலில் நிற்கும் காருக்கு மட்டும் சொந்த மின்கலம் இருக்கிறது. அதனால்தான் பேரிடர் நாளில் வீட்டு வானொலியைவிடக் கார் வானொலி முக்கியமாகிறது. எந்தச் சாலை துண்டிக்கப்பட்டது, தண்ணீர் எங்கே தருகிறார்கள், எந்தத் தங்குமிடம் நிரம்பிவிட்டது என்பதையெல்லாம் ஒரு மனிதர் நிதானமாகச் சொல்லக் கேட்பதற்கும், 360 எழுத்துகளுக்குள் அடங்க வேண்டிய செல்பேசி எச்சரிக்கைக்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. அந்த எச்சரிக்கையும் கோபுரம் இயங்கினால்தான் வரும். வானொலிக்கோ நூறு பேர் கேட்டாலும் பத்து லட்சம் பேர் கேட்டாலும் நெரிசல் என்பதே கிடையாது.

அமெரிக்கப் பேரிடர் மேலாண்மை முகமையான ஃபீமா, 77 நிலையங்களில் ஜெனரேட்டரும் எரிபொருளும் வைத்து, நாட்டு மக்களில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோரை எட்டும் எச்சரிக்கை அமைப்பைப் பராமரித்து வருகிறது. அவற்றில் பெரும்பாலானவை ஏ.எம். நிலையங்கள். அம்முகமையின் முன்னாள் தலைவர்கள் 7 பேர், கார்களில் ஏ.எம். வானொலியைக் காக்கக் கோரி 2023இல் போக்குவரத்துத் துறை அமைச்சருக்குக் கடிதம் எழுதினார்கள். பொதுப்பணத்தில் ஒலிபரப்பும் முனையை இவ்வளவு பக்குவமாகப் பேணிவிட்டு, கேட்கும் முனையை மட்டும் நிறுவனங்களின் விருப்பத்துக்கு விட்டுவிடுவதில் எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை.

எதை விற்க வேண்டும் என்று அரசு கட்டளையிடலாமா என்று செனட்டர் ராண்ட் பால் 2023 டிசம்பரில் ஆட்சேபித்து, முன்வடிவு விரைவாக நிறைவேறுவதைத் தடுத்தார். கொள்கையளவில் அது மதிக்கத்தக்க கேள்வியே. ஆனால் தொலைக்காட்சிப் பெட்டிகள் யு.எச்.எஃப். எனப்படும் கூடுதல் உயர் அதிர்வெண் அலைவரிசைகளையும் பெற வேண்டும் என்று 1962லேயே அந்நாடு சட்டம் இயற்றியது. 2018 மே முதல் புதிய கார்கள் எல்லாவற்றிலும் பின்புறக் கேமரா கட்டாயம். இந்தச் சட்டத்தால் ஒலிபரப்பு நிறுவனங்களுக்கு ஆதாயம் உண்டு என்பதும், ஒலிப்பதிவுகளைப் பாடிய கலைஞர்களுக்கு அங்குள்ள வானொலிகள் உரிமைத்தொகை தருவதில்லை என்பதும் உண்மைதான். அந்த இரண்டாவது அநீதிக்குத் தனிச் சட்டம் வரட்டும்.

இந்த முன்வடிவில் அதிகம் பேசப்படாத பிரிவு ஒன்று உண்டு: விதி நடைமுறைக்கு வரும்வரை, ஏ.எம். வானொலி இல்லாத காரை விற்பவர்கள் அதை வாங்குபவருக்குத் தெளிவாகத் தெரிவிக்க வேண்டும். நான் கார் வாங்கியபோது அப்படி யாரும் சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்து நானாகத் தேடிப் பார்த்து, இல்லை என்று தெரிந்து, விற்றவரிடம் கேட்டபோது "செல்பேசியில் கேட்டுக்கொள்ளலாமே" என்றார். அன்றிரவு விலைப் பட்டியலை எடுத்து மறுபடியும் படித்தேன். காலடி விரிப்புகளுக்குக்கூட அதில் ஒரு வரி இருந்தது.