பெயரில்லாத பொத்தான்கள்

உடனடிச் செய்திச் செயலிகளைப் பாதுகாப்பு, வேகம், வசதி ஆகிய மூன்றால் மட்டும் எடைபோட்டிருக்கும் கட்டுரை ஒன்றைப் படித்தேன். திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் திரைவாசிப்பானைக் கொண்டு கணினியை இயக்கும் எங்களைப் போன்ற பார்வையற்றோர் முதலில் பார்ப்பதை அது தொடவே இல்லை. அனுப்பும் பொத்தானுக்கு நிரலில் பெயர் இடப்படாவிட்டால், என்விடிஏ என்ற திரைவாசிப்பான் அதை வெறும் 'பட்டன்' என்றே படிக்கும். அப்படி ஐந்து பொத்தான்கள் வரிசையாக நின்றால், குரல்பதிவு எது, அழைப்பு எது என்று எப்படித் தெரியும்? (நள்ளிரவில் மேலதிகாரியை அழைத்துவிட்ட அனுபவம் எனக்கு உண்டு.) ஒரே சேவையிலும் செயலிக்குச் செயலி இது மாறும்: டெலிகிராமின் விண்டோஸ் கணினிச் செயலி நீண்டகாலம் திரைவாசிப்பானுக்குச் சரியாகப் பிடிகொடுக்காததால், பார்வையற்றோர் பலர் அதே கணக்கை யூனிகிராம் என்ற வேறொரு டெலிகிராம் செயலி வழியே பயன்படுத்தினார்கள். ஆகவே நிறுவியதும் மவுஸை ஒதுக்கிவைத்துவிட்டு, டேப், அம்புக்குறி விசைகளால் மட்டும் உரையாடல் பட்டியலுக்கும் தட்டச்சுப் பெட்டிக்கும் போய்வர முடிகிறதா, புதிதாக வரும் செய்தி தானாகவே வாசிக்கப்படுகிறதா, அனுப்பியவர் பெயரும் நேரமும் அதனோடு சேர்ந்து ஒலிக்கின்றனவா என்று பார்ப்பேன். பதிப்பு புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் இதை மீண்டும் செய்ய வேண்டியிருப்பது பெரும் சலிப்பு. தமிழ்ச் செய்திகளைக் கேட்க, என்விடிஏவோடு வரும் ஈஸ்பீக் என்ற குரல் மென்பொருளிலேயே தமிழ் உண்டு, குரல் இயந்திரத்தனமாக இருந்தாலும்.