திருப்திப் படிவத்தை எப்போது, யாரிடம் கொடுக்கிறீர்கள்?

திருகோணமலையில் தொண்டு வேலைக்கு ஆள் பஞ்சம் இல்லை. உப்புவெளிக் கடற்கரையில் பிளாஸ்டிக் பொறுக்க, டெங்கு சிரமதானத்துக்கு, இரத்ததான முகாமுக்கு, கோயில் திருவிழாவில் தண்ணீர்ப் பந்தலுக்கு என்று எதற்குக் கூப்பிட்டாலும் பிள்ளைகள் வருவார்கள். அடுத்த தடவையும் வருகிறார்களா என்பதுதான் பிரச்சினை.

இதைக் கண்டுபிடிக்கத்தான் இப்போது பல அமைப்புகள் தொண்டர் திருப்தியை அளக்கின்றன. நல்ல விஷயம். ஆனால் அளக்கும் விதத்தைப் பாருங்கள். வேலை முடிந்து, சாப்பாட்டுப் பார்சல் கொடுத்து, குரூப் போட்டோ எடுத்து, அப்புறம் ஒரு படிவம். ஒன்று முதல் ஐந்து வரை புள்ளி போட வேண்டும். பக்கத்தில் இணைப்பாளர் அண்ணா சிரித்துக்கொண்டு நிற்கிறார். சோறு போட்ட வீட்டில் கறிக்கு உப்புக் குறைவென்று யார் சொல்வார்கள்? எல்லாரும் ஐந்துதான். அறிக்கையும் அழகாக வந்துவிடும், காசு தருபவர்களுக்கும் மகிழ்ச்சி.

ஐந்து படி அளவுகோலில் பிழையில்லை. அமெரிக்க உளவியலாளர் ரென்சிஸ் லிக்கர்ட் 1932இல் கொண்டுவந்தது அது. ஒரு விஷயத்தைப் பற்றிப் பல கூற்றுகளைக் கொடுத்து, பதில்களைச் சேர்த்துப் பார்க்கத்தான் அவர் சொன்னார். நாங்கள் "நிகழ்ச்சி எப்படி இருந்தது?" என்ற ஒரே கேள்வியோடு முடித்துவிடுகிறோம்.

2000களின் தொடக்கத்தில் கலிண்டோ-குன், கஸ்லி என்ற இரு ஆய்வாளர்கள் தொண்டர்களுக்கென்றே ஒரு திருப்திச் சுட்டியை, அதாவது திருப்தியை அளக்கும் கேள்வித் தொகுப்பை, உருவாக்கினார்கள். அமைப்பு தரும் ஆதரவு, சொந்தமாக முடிவெடுக்கும் இடம், தன் வேலை உண்மையில் யாருக்காவது பயன்படுகிறதா, கூட வேலை செய்பவர்களோடு ஒட்டு என்று பிரித்துப் பார்த்தார்கள். தொண்டர் தொடர்ந்து இருப்பாரா என்பதைக் காட்டியவை கடைசி இரண்டும்தான். ரீசேட்டும் சான்றிதழும் பட்டியலிலேயே இல்லை!

அதற்காகச் சான்றிதழுக்கு வருபவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஏ.எல். எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் பிள்ளைக்கு அது தேவை. 1998இல் கிளாரி, ஸ்னைடர் முதலான உளவியலாளர்கள் தொண்டர்களின் நோக்கங்களை ஆறாக வகுத்தபோது, தொழிலுக்கு உதவும் என்ற எண்ணத்தையும் அதில் சேர்த்தார்கள். வந்த நோக்கம் நிறைவேறினால்தானே திருப்தி? அப்படியென்றால் சேரும் நாளிலேயே "எதற்காக வந்தீர்கள்?" என்று கேட்க வேண்டும். இங்கே யாரும் கேட்பதில்லை. சுனாமிக்குப் பிறகு நிறுவனங்கள் வரிசைகட்டி வந்த காலத்திலிருந்து, கொடுப்பனவு வாங்குபவரும் சொந்தக் காசில் பஸ் ஏறி வருபவரும் 'தொண்டர்' என்ற ஒரே பெயரில்தான் ஓடுகிறார்கள். இருவருக்கும் ஒரே படிவம்.

இன்னொன்று, தொடர்ந்து இருப்பதையே திருப்தி என்று எண்ணிவிடக் கூடாது. கிழக்கு மாகாணத்தின் தொண்டர் ஆசிரியர்களை நினைத்துப் பாருங்கள். நிரந்தர நியமனம் கேட்டு இந்த ஊர்த் தெருவிலேயே ஆர்ப்பாட்டம் செய்தவர்கள் அவர்கள். "அடுத்த வருடமும் கற்பிப்பீர்களா?" என்று கேட்டிருந்தால் "ஓம்" என்றுதான் சொல்லியிருப்பார்கள். அந்த ஓமில் இருப்பது திருப்தியா, விட்டுப் போனால் நியமனமும் போய்விடும் என்ற பயமா?

என்னைக் கேட்டால், படிவத்தை முதலில் கொடுக்க வேண்டியது வராமல் நின்றவர்களிடம். வாட்ஸ்அப் குழுவிலிருந்து சத்தமில்லாமல் விலகியவர்களிடம். அதுவும் இணைப்பாளர் கேட்கக் கூடாது, அமைப்போடு சம்பந்தமில்லாத ஒருவர் சில வாரம் கழித்துப் போனில் கேட்கட்டும். சும்மா எவ்வளவு நேரம் நின்றீர்கள்? நீங்கள் சொன்ன யோசனையை யாராவது காதில் வாங்கினார்களா? பெண் பிள்ளை என்றால், வீட்டுக்குப் போக எத்தனை மணியானது? இப்படிக் கேட்டால்தான் பதில் வரும். தமிழிலும் சிங்களத்திலும் ஒழுங்காக எழுதிக் கேட்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

படிவத்தை நிரப்பி வாங்கிக்கொண்டு போனவர்கள், முடிவைத் திரும்ப வந்து சொன்னதை நான் இதுவரை பார்த்ததில்லை. அடுத்த சிரமதானம் தொடங்கும் முன் பத்து நிமிடம் அதைப் பேசுங்கள். மண்வெட்டி போதவில்லை என்று பிள்ளைகள் எழுதியிருந்தால், பேச்சைக்கூட விடுங்கள், மண்வெட்டியை வாங்கி வையுங்கள்.