ஆசை ஞானஸ்நானம் போதுமா?

திருமுழுக்குக்குத் தயாராகிக்கொண்டிருந்தவர், அதைப் பெறும் முன்பே இறந்துபோகிறார். அவருக்கு மீட்பு உண்டா? பெற விரும்பிய அந்த ஆசையே திருமுழுக்காக, அதாவது ஞானஸ்நானமாக, எண்ணப்படும் என்பதைத்தான் 'ஆசை ஞானஸ்நானம்' என்கிறார்கள்.

"தண்ணீர் படவில்லை, அதனால் இல்லை" என்று அடித்துச் சொல்லும் கத்தோலிக்கர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களைச் சுலபமாக ஒதுக்க முடியாது. தண்ணீராலும் ஆவியாலும் பிறக்க வேண்டும் என்னும் யோவான் 3:5 அவர்கள் கையில் இருக்கிறது. திருச்சபைத் தந்தையரில் ஒருவரான நாசியான்சு கிரகோரியாரும் 4ஆம் நூற்றாண்டிலேயே மடக்கிவிட்டார்: ஆசையே திருமுழுக்குக்குச் சமம் என்றால், விண்ணக மகிமைக்கும் ஆசைப்பட்டாலே போதுமே!

ஆனால் யாரைப் பார்த்து அப்படிக் கேட்டார்? இன்று, நாளை என்று திருமுழுக்கைத் தள்ளிப்போட்டவர்களைப் பார்த்து. ஆடித் தீர்த்துவிட்டுச் சாகக் கிடக்கும்போது கழுவிக்கொள்ளலாம் என்ற கணக்கு அன்று நிறையப் பேரிடம் இருந்தது.

அதே நூற்றாண்டில் மிலான் ஆயராக இருந்த அம்புரோசியார் முன் இருந்த கதை வேறு. 392இல் இளம் உரோமைப் பேரரசர் இரண்டாம் வாலன்டீனியன், இன்றைய பிரான்சிலுள்ள வியேனில் இறந்தார். தமக்குத் திருமுழுக்குக் கொடுக்க வரும்படி அம்புரோசியாரை அழைத்திருந்தார். ஆயர் போய்ச் சேருமுன் சாவு முந்திக்கொண்டது. அழுத சகோதரிகளுக்கு ஆயர் சொன்னது இதுதான்: அவர் கேட்டார், கேட்டதால் பெற்றுக்கொண்டார். இரத்தம் சிந்திய மறைசாட்சிகளை அந்த இரத்தமே கழுவியது என்றால், இவரை இவருடைய பக்தியும் விருப்பமும் கழுவின.

"இழவு வீட்டில் சொன்ன ஆறுதல், அதைக் கோட்பாடாக்கலாமா?" என்கிறார்கள். அரசர்களுக்கு இதமாகப் பேசுகிற ஆள் இல்லை அவர். தெசலோனிக்கா நகர மக்களைப் படைவீரர்கள் கொன்று குவித்ததற்காக 390இல் பேரரசர் தியோடோசியுவையே மன்னிப்பு வேண்டி நிற்கவைத்தவர்.

ஆக, கிரகோரியார் பேசியது தள்ளிப்போட்டவனிடம். அம்புரோசியார் பேசியது தவித்துக் காத்திருந்தவனைப் பற்றி. இரண்டையும் ஒரே தராசில் போடுவதால்தான் இந்தச் சண்டை ஓயமாட்டேன் என்கிறது.

1547இல் கத்தோலிக்கத் திருச்சபையின் பொதுச்சங்கமான திரெந்து சங்கம் சொன்னது: மறுபிறப்பின் நீராடல் (திருமுழுக்குதான்) "அல்லது அதற்கான ஆசை" இன்றி மனிதர் இறைவனுக்கு ஏற்புடையவர் ஆவதில்லை. அந்த "அல்லது"க்கு "இரண்டும் வேண்டும்" என்று பொருள் சொல்லும் இலக்கணப் புலிகள் உண்டு. ஆனால் சங்கத்துக்குப் பிறகு வந்த இறையியலாளர் அல்போன்சு லிகோரியார் அதே வரியைக் காட்டித்தான் ஆசை ஞானஸ்நானம் விசுவாசக் கோட்பாடு என்றார். அங்கே இலத்தீனில் இருக்கும் சொல் 'வோத்தும்'. நேர்ச்சைக்கும் அதே சொல்தான். நமக்குப் பழக்கமான "ஆசை" அந்தக் கனத்தைத் தாங்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

பாஸ்டனில் லியோனார்டு ஃபீனி என்ற குரு தண்ணீர் இல்லாமல் மீட்பே இல்லை என்று பிடிவாதமாக நின்றார். 1949இல் உரோமையிலிருந்து மறுப்புக் கடிதம் வந்தது. விளக்கம் தர வரச்சொல்லியும் போகாததால், 1953இல் சபைநீக்கம். திருச்சபைக்கு வெளியே மீட்பில்லை என்று முழங்கியவர் வெளியே நின்றார்! 1972இல்தான் ஒப்புரவானார்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். "மனசு இருந்தால் போதும், சடங்கு எதற்கு?" என்பவர்கள் திருத்தூதர் பணிகள் 10இல் வரும் நூற்றுவர் தலைவர் கொர்னேலியுவின் கதையைப் படிக்கட்டும். தண்ணீர் வருமுன்பே ஆவி இறங்கிவிட்டது. பேதுரு அத்தோடு விட்டாரா? உடனே திருமுழுக்குக் கொடுக்கச் சொன்னார். கைக்கெட்டும் தண்ணீரை வேண்டாம் என்பவனிடம் எந்த ஆசை இருக்கிறது?

கிறிஸ்துவைக் கேள்விப்படாதவர்களின் உள்ளார்ந்த ஆசை பற்றிய விவாதம் இதைவிடச் சிக்கல். அது தனிப் பதிவுக்குரியது.

காத்திருந்து இறந்தவர் விஷயத்தில் மட்டும், வாதாடுகிறவர்கள் திருச்சபைச் சட்டம் 1183ஐப் புரட்டிப் பார்க்கலாம். திருமுழுக்குக்குத் தயாராகிக்கொண்டிருந்தவர் இறந்தால், அடக்கச் சடங்கில் அவரை நம்பிக்கையாளராகவே கருத வேண்டும் என்கிறது அது.