ரேம் மாத்த முடியாத லேப்டாப்புக்கா இவ்ளோ காசு?

மூணு வாரமா இதே தலைவலி. பழைய லேப்டாப்ல இருக்கறது இன்டெல் ஏழாவது ஜெனரேஷன் ப்ராசஸர், விண்டோஸ் 11 ஏறாது, 10க்கு சப்போர்ட்டும் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சிருச்சு, சரி மெலிசா, லேசா நல்ல பிசினஸ் அல்ட்ராபுக்கா ஒண்ணு எடுப்போம்னு உக்காந்தா, ஒன்றரை லட்சம் சொல்ற மாடல்லயும் ரேம போர்டோட சால்டர் பண்ணி வெச்சிருக்காங்க, 16 ஜிபி எடுத்தா கடைசி வரைக்கும் 16தான்.

பழசுல பின்மூடிய கழட்டி ரெண்டு பக்க கிளிப்ப விலக்குனா ரேம் ஸ்டிக் லேசா எழும்பி நிக்கும், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்குன 8 ஜிபிய சாய்ச்சு சொருகி அமுக்குனா டக்குனு உக்காரும், அதுலயே மூணு வருஷம் கூடுதலா ஓட்டுனேன்!

ஃபைல் எல்லாம் சேமிக்கற எஸ்எஸ்டி பரவால்ல, எம்.2ங்கற தனியா சொருகற கார்டுதான், அப்புறமா மாத்திக்கலாம், அதனால 512 ஜிபி போதும். ஆனா ரேம் 32 ஜிபி வேணும்னா இப்பவே காச கொட்டணும். சால்டர் பண்றது எல்பிடிடிஆர்ங்கற கம்மி பவர் ரேம், அதுல வேகம், பேட்டரி மிச்சம்னு காரணம் சொல்றாங்க, புரியுது, ஆனா அதே ரேமையே கழட்டி மாட்டற மாதிரி எல்பிகேம்2னு ஒரு மாட்யூல் வந்தாச்சுல்ல, அத ஏன்பா எல்லா மாடல்லயும் வெக்க மாட்டேங்கறீங்க? அஞ்சு வருஷம் ஓட்ட வேண்டிய மெஷின், அப்ப எவ்ளோ ரேம் தேவைப்படும்னு இன்னைக்கே நான் எப்படி சொல்றது?