இந்தச் சைக்கிள் செயினை இன்னும் எத்தனை முறைதான் கழற்றி மாட்டுவது?

நேற்று மாலைதான் புதுச் செயின் மாட்டினேன். இன்று காலை முதல் மேட்டிலேயே வழுக்கிவிட்டது. இருக்கையிலிருந்து எழுந்து, உடம்பின் மொத்த எடையையும் வலது பெடலில் இறக்கிய அதே நொடியில் 'டக்' என்று ஒரு சத்தம். காலுக்குக் கீழே எதுவுமே இல்லை. இருட்டில் மாடிப்படி இறங்கும்போது இன்னும் ஒரு படி இருக்கிறது என்று நம்பிக் காலை வைப்போமே, அப்படி. இடது முழங்கால் எகிறிப் போய் ஹேண்டில்பாரில் இடித்தது. இப்போது இதை எழுதும்போதும் அந்த இடம் விண்விண் என்று தெறிக்கிறது.

பழைய செயின் இல்லை, புதுச் செயின். பெட்டியைப் பிரித்து, பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டு, கண்ணி கண்ணியாக எண்ணி, வெட்டிப் பூட்டியது.

இறங்கிப் பார்த்தேன். செயினின் இரு முனைகளையும் இணைக்கும் பூட்டுக் கண்ணி சரியாக உட்கார்ந்திருக்கிறது. விறைத்த கண்ணி ஒன்றும் இல்லை. கியர் கம்பியின் இழுவை சரியாக இருக்கிறது. மறுபடி ஏறினேன். உட்கார்ந்து மிதித்தால் ஓடுகிறது. எழுந்து நின்றால் 'டக்'. பின்சக்கரத்தின் பல்சக்கர அடுக்கில், அதாவது கேசட்டில், 21 பல் உள்ள சக்கரத்துக்கு மாற்றினேன், ஓடுகிறது. 19 பல்லிலும் ஓடுகிறது. 17 பல்லில் ஒருமுறை முனகியது. 15 பல்லில் 'டக்'. 14 பல்லில் 'டக் டக்'. திரும்பவும் 19 பல், ஒன்றுமில்லை. திரும்பவும் 15 பல், 'டக்'. அந்த ஒரே மேட்டில் ஐந்து முறை ஏறி இறங்கினேன். ஐந்து முறையும் அதே இரண்டு பல்சக்கரங்கள்தான் கழுத்தை அறுத்தன. நான் தினமும் ஓட்டுவது அந்த இரண்டில்தான்!

வீட்டுக்குத் திரும்பி, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் மாட்டும் இன்னொரு பின்சக்கரத்தை எடுத்துப் பூட்டி அதே மேட்டுக்குப் போனேன். அதே செயின், அதே கால், அதே 15 பல். ஒரு முனகல்கூட இல்லை. வெண்ணெய் போல ஓடியது. அப்போதுதான் வயிறு எரிந்தது.

இந்த எரிச்சலுக்கு ஒரு முன்கதை உண்டு. சில மாதங்களுக்கு முன் செயின் தேய்மானத்தைக் காட்டும் அளவியை வைத்துப் பார்த்தபோது அதன் 0.5 பக்கம் கண்ணிக்குள் இறங்கிவிட்டது, அதாவது செயின் தேய்ந்து அரை சதவீதம் நீளம் கூடிவிட்டது. மாற்றிவிடலாம் என்று புதுச் செயினைக் கையில் எடுத்தேன். கூட ஓட்டும் அண்ணன் ஒருவர் அருகில் நின்றிருந்தார். "தம்பி, இது இன்னும் ஓடும். இப்போது மாற்றினால் காசு வீண்" என்றார். மூத்தவர், என்னைவிட அதிகம் ஓட்டியவர். கேட்டுக்கொண்டேன். இன்று காலை அவரைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னால், "செயினை மட்டும் மாற்றினால் எப்படி? கேசட்டையும் சேர்த்தல்லவா மாற்ற வேண்டும்? இவ்வளவு நாள் ஏன் விட்டாய்?" என்கிறார். ஏன் விட்டேனா? நீங்கள் சொல்லித்தானே அண்ணா விட்டேன்!

எந்தக் கேசட்டை மாற்றுவது என்று அவர் சொல்லவில்லை. அதுதான் கேள்வியே. என்னிடம் இருப்பது ஒரு சைக்கிள், இரண்டு பின்சக்கரங்கள், பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் சைக்கிளை மாட்டி வீட்டுக்குள் மிதிக்கும் ட்ரெய்னர் ஒன்று. ஆக மூன்று கேசட். செயின் மட்டும் ஒன்றே ஒன்று. அது சைக்கிளோடு சேர்ந்து மூன்றிடமும் போய் வருகிறது. எல்லோரும் சொல்லும் அறிவுரை ஒரே ஒரு சக்கரம் வைத்திருப்பவருக்கானது.

செயின் நீள்கிறது, நீள்கிறது என்கிறார்கள். ரப்பரா அது, இழுத்தால் நீள்வதற்கு? உள்ளே இருக்கும் ஆணியும் அது சுழலும் துளையும் ஒன்றையொன்று தேய்க்கின்றன. கண்ணிக்குக் கண்ணி மயிரிழை இடைவெளி கூடுகிறது. நூற்றுக்கும் மேற்பட்ட கண்ணிகளில் அது சேர்ந்து நீளமாகத் தெரிகிறது. புதுச் செயினில் ஆணிக்கு ஆணி 12.7 மில்லிமீட்டர், அதாவது அரை அங்குலம். ஸ்கேலை வைத்து 24 இடைவெளி அளந்தால் அச்சாக 12 அங்குலம் வர வேண்டும். மாகாணி அங்குலம், பதினாறில் ஒரு பங்கு, கூடியிருந்தால் செயினைக் கழற்றிப் போட வேண்டிய நேரம். அரைக்கால் அங்குலம், எட்டில் ஒரு பங்கு, கூடினால் கேசட்டும் போயே போய்விட்டது. நடுவில் இருப்பது ஒன்றரை மில்லிமீட்டர். அந்த ஒன்றரை மில்லிமீட்டரில்தான் என்னை "இன்னும் ஓடும்" என்று ஓட்டவிட்டார்கள்.

தேய்ந்த செயின் தான் போகுமிடமெல்லாம் பல்லையும் தன் அளவுக்குக் கடைந்துவிடுகிறது. தினமும் ஓட்டிய சக்கரத்தைக் கழற்றி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். தூரத்தில் பார்த்தால் ஒன்றுமே தெரியாது, புதிது மாதிரித்தான் இருக்கிறது. கண்ணருகே கொண்டுபோனால்தான் தெரிகிறது: 15 பல் சக்கரத்தில் ஒவ்வொரு பல்லின் ஒரு பக்கம் மட்டும் லேசாகக் குழிந்திருக்கிறது. ஓரத்தில் மெல்லிய பிசிறு எழுந்திருக்கிறது. விரலை ஓட்டினால் நகம் மாட்டுகிறது. பழைய செயினின் கண்ணிகளுக்குள் இருக்கும் உருளைகள் அந்தக் குழியில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தன. புதுச் செயினின் உருளைகளுக்கு அது பொருந்தவில்லை. பல பற்கள் பகிர வேண்டிய பாரம் ஒரே பல்லில் விழுகிறது, உருளை மேலேறித் தாவுகிறது, என் முழங்கால் வீங்குகிறது.

சரி, பழைய செயினையே இந்தச் சக்கரத்துக்கு வைத்துக்கொண்டு, புதியதை மற்ற இரண்டுக்கும் போடலாமே என்பீர்கள். யோசிக்காமலா இருப்பேன்? சக்கரம் மாற்றும்போதெல்லாம் செயினையும் மாற்ற வேண்டும். பூட்டுக் கண்ணியை இடுக்கியால் நெரித்துக் கழற்ற வேண்டும்; முழங்கை வரை கரி. போதாததற்கு, பூட்டுக் கண்ணியை ஒருமுறை கழற்றினால் திரும்பப் பூட்டாதே என்று சில நிறுவனங்கள் கையேட்டிலேயே அச்சடித்திருக்கின்றன. மறந்துபோய் பழைய செயினோடு ஞாயிற்றுக்கிழமைச் சக்கரத்தை ஒரு வாரம் ஓட்டினால், நன்றாக இருக்கும் அந்தக் கேசட்டையும் அது தின்ன ஆரம்பித்துவிடும். தேய்ந்த செயின் புதுப் பல்லில் வழுக்காது. அதனால்தான் ஆபத்து. சத்தமில்லாமல் அழித்துவிட்டுப் போகும்.

ஒரே கேசட்டைச் சக்கரத்துக்குச் சக்கரம் மாற்றலாம் என்றால் அது அதைவிடக் கொடுமை. கேசட்டைப் பிடித்துக்கொள்ள ஒரு கருவி, பூட்டு வளையத்தைத் திருக இன்னொரு கருவி. இறுக்கும்போது 40 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. சக்கரத்தின் நடுவில் இருக்கும் அலுமினிய ஹப்பில் எஃகுப் பல்சக்கரம் கடித்து உட்கார்ந்திருந்தால் தட்டித் தட்டித்தான் எடுக்க வேண்டும். அதையும் செய்து எடுத்துக்கொண்டு போனால், அடுத்த ஹப்பின் வரிப்பள்ளம் வேறு வடிவம், ஏறவே ஏறாது! ஒரு பல்சக்கரத்தைச் செருகும் உருளைக்கு எத்தனை வடிவங்கள் ஐயா வேண்டும்? ஓட்டுகிறவரை ஒருமுறையாவது கேட்டார்களா?

தினச் சக்கரத்துக்குப் புதுக் கேசட் போடப் போகிறேன், வேறு வழி இல்லை. ட்ரெய்னரில் இருப்பது தப்பித்ததா என்று இன்றிரவு எழுந்து நின்று மிதித்தால் தெரிந்துவிடும். இனி அளவி 0.5-இல் இறங்கிய அன்றே செயின் வெளியே. யார் வந்து ஓடும் என்றாலும் சரி, ஓடாது என்றாலும் சரி, காதில் வாங்கப் போவதில்லை. ஒரு செயினின் விலைக்கு மூன்று கேசட்டைப் பலிகொடுக்க என்னால் முடியாது.

இவ்வளவும் முடித்து, தினச் சக்கரத்தில் காற்று குறைந்திருக்கிறதே, அடிக்கலாம் என்று பம்பைத் தேடினால் பம்பைக் காணவில்லை. "நாளைக்கே தருகிறேன் தம்பி" என்று அந்த அண்ணன்தான் வாங்கிக்கொண்டு போனார். இரண்டு மாதம் ஆகிறது. காலையில் செயினைப் பற்றி அரை மணி நேரம் எனக்கு வகுப்பெடுத்தாரே, பம்பைப் பற்றி ஒரு வார்த்தை வாயைத் திறந்தாரா?